கொழும்பு ஹோட்டலில் ஒரு மேசை: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன வருடம் அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவர்களைக் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். மேசை கிடைக்கவே மூன்று வாரம் பிடித்தது. படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட நாளிலிருந்து மாமி, மச்சான், அலுவலகத்து ஆட்கள், காலையில் கல்லடிப் பாலத்தில் நடக்க வருகிறவர்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். அதற்குப் பிறகும் நாலைந்து தரம் வெவ்வேறு இடங்களுக்குப் போய்வந்துவிட்டேன். ஒரு நாள் கூத்தை வைத்துச் சொல்லவில்லை.

ஹோட்டலில் சாப்பிட ஏன் முன்கூட்டியே சொல்ல வேண்டும்? போய் உட்கார்ந்தால் தராமலா விடுவார்கள்?

இது என் மாமா கேட்டது. நம் ஊரில் ஹோட்டல் என்றால் வாசலிலேயே கொத்து அடிக்கிற சத்தம் கேட்கும். உள்ளே இடம் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் தேத்தண்ணியை மடமடவென்று குடித்துவிட்டு எழும்பி இடம் தருவார். நான் சொல்கிற இடங்களில் அது நடக்காது. சில உணவகங்களில் மொத்தமே நாற்பது, ஐம்பது கதிரைதான். ஒரு மேசையை ஓர் இரவில் இரண்டு தரம் கொடுப்பார்கள்: ஆறரை ஏழுக்கு ஒரு தொகுதி, எட்டரை ஒன்பதுக்கு இன்னொரு தொகுதி. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கில்தான் மீன் வாங்குவார்கள், சமையலறையில் ஆள் போடுவார்கள். வெள்ளி, சனி இரவுகள் சீக்கிரம் நிரம்பும். டிசம்பரும், வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிற தை மாசியும் அப்படித்தான். பெப்ரவரி 14 பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எந்த எந்த இடங்களைச் சொல்கிறீர்கள்?

காலிமுகத்திடலைச் சுற்றி ஒரு நடை போனாலே பாதி முடிந்துவிடும். 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டல் ஒரு முனையில். திடலுக்கு எதிரே தாஜ் சமுத்ரா. 2017இல் வந்த ஷங்ரி-லா. 2024இல் திறந்த ஐடிசி ரத்னதீப. கொஞ்சம் உள்ளே போனால் சினமன் கிராண்ட். அதிலுள்ள லகூன் உணவகத்தில் மீன், இறால், கணவாயைச் சந்தையில் போலப் பரப்பி வைத்திருப்பார்கள். எதை எப்படிச் சமைப்பது என்று நீங்களே சொல்லலாம். நம் ஆட்களுக்கு முதல் தரம் போக அதுதான் சுகமான இடம் என்பது என் எண்ணம், ஏனென்றால் மெனுவைப் பார்த்து முழிக்கத் தேவையில்லை. மீனைப் பார்த்தால் நமக்குத் தெரியாதா என்ன!

மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் என்ற நண்டு உணவகம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். அது ஹோட்டலுக்குள் இல்லை. கோட்டையில் ஒல்லாந்தர் காலத்துப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011 டிசம்பரில் தொடங்கியது. சமையல்காரர் தர்ஷன் முனிதாசவோடு மஹேலவும் சங்கக்காரவும் பங்குதாரர்கள். மேசை கிடைக்கிற பாடும் பில்லும் ஹோட்டல்களுக்குக் குறைந்ததில்லை, அதனால் இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

மேசையை எப்போது எடுக்க வேண்டும்? எப்படி?

வார இறுதி இரவு என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன். செவ்வாய், புதன் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் போதும். பகல் சாப்பாட்டுக்கு இன்னும் லேசு. அதே சமையல், அதே கடல், சில இடங்களில் பகலுக்கென்று விலை குறைந்த மெனுவும் உண்டு. இதை ஏனோ யாரும் நம்புவதில்லை. இரவு வெளிச்சத்தில் படம் நன்றாக வரும் என்கிறாள் என் மச்சாள்.

உணவகத்தின் இணையத்தளத்திலேயே நாள், நேரம், ஆட்கணக்கு போட்டு எடுக்கலாம். அங்கே இடம் இல்லை என்று காட்டினாலும் விடாதீர்கள். போன் எடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள். மேசையை வைத்திருந்தவர்கள் கடைசி இரண்டு நாளில்தான் மனம் மாறிக் கைவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான்: வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது, சனிக்கிழமைக்கு இடம். இரண்டு பேருக்கு, நாலு பேருக்குத் தேடினால் கிடைக்கும். ஏழு பேருக்கு ஒரே மேசை கேட்டால் கஷ்டம். நாலும் மூன்றுமாகப் பிரித்துப் பக்கத்தில் போடுவார்களா என்று கேளுங்கள்.

போனில் இங்கிலீஷில் பேசுவார்களே, எனக்கு அவ்வளவு ஓடாது.

சிங்களம் தெரிந்தால் அதில் பேசுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டுமே ஓடாவிட்டால் வாட்ஸ்அப் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நாள், நேரம், எத்தனை பேர், பெயர், போன் இலக்கம். இந்த ஐந்தையும் எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. இன்னொன்று, தமிழில் பேசலாமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை பழகிக் கொழும்புக்குப் போன நம் பிள்ளைகள் கொஞ்சப் பேரில்லை.

கடனட்டை இலக்கம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஆட்கள் மேசையை எடுத்துவிட்டு வராமல் விடுவதால் வந்த பழக்கம் இது. சில இடங்களில் அட்டை விவரத்தை மட்டும் வாங்கி வைப்பார்கள், சில இடங்களில் முற்பணம் கழிப்பார்கள். உணவகத்தின் சொந்தத் தளத்தில் என்றால் கொடுக்கலாம். போனில் அட்டை இலக்கத்தை வாய்விட்டுச் சொல்வதும், வாட்ஸ்அப்பில் அட்டையைப் படம் பிடித்து அனுப்புவதும் கூடவே கூடாது. பணம் கட்டுவதற்கு இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் பணம் கழிக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். நாம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள். வெள்ளம் வந்து பாதை மூடினால் அன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

எவ்வளவு முடியும்?

இடத்துக்கு இடம் வேறு. ஆனால் மெனுவில் போட்டிருக்கிற விலை முழு விலை இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். சேவைக் கட்டணமும் வரிகளும் இதற்கு மேலே என்று பொருள். சேவைக் கட்டணம் 10 வீதம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதாவது 10,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் கட்டுவது 12,800க்குக் குறையாது, மற்றச் சில்லறை வரிகளும் சேர்ந்தால் 13,000ஐயும் தாண்டும். என் நண்பன் ஒருவன் கையில் எண்ணிக் கொண்டுபோய்க் கடைசியில் மனைவியின் அட்டையை வாங்கித் தேய்த்தான். இன்றுவரை அந்தக் கதை வீட்டில் முடியவில்லை.

பணம் போகிற இன்னொரு வழி தண்ணீர். உட்கார்ந்தவுடனே போத்தல் தண்ணீரைக் காட்டி எது வேண்டும் என்பார்கள். அது காசு. எத்தனை போத்தல் உடைக்கிறார்கள் என்பதில் ஒரு கண் வையுங்கள். மிச்சம் பிடிக்கிற வழியும் உண்டு: நம் நாட்டு வங்கிகள் ஏறக்குறைய எல்லாமே ஏதாவது ஹோட்டலோடு சேர்ந்து அட்டைக்குத் தள்ளுபடி தருகின்றன. குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட அட்டை, இவ்வளவு தொகைக்கு மேல் இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். மேசை எடுக்கும்போதே எந்த அட்டை என்று சொல்லிவிடுங்கள். பில் அடித்த பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் இருக்கிறதே, மேலதிகமாகக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நன்றாகக் கவனித்தவர் கையில் சந்தோசமாக ஏதாவது கொடுங்கள்.

என்ன உடுத்துவது? அப்பா வேட்டியோடுதான் வருவேன் என்கிறார்.

வரட்டும். வேட்டியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைக் களிசானும் பாட்டாச் செருப்பும்தான் பிரச்சினை. ஆண்களுக்கு நீளக் களிசான், கொலர் வைத்த சேட், மூடின சப்பாத்து என்றால் எங்கும் போகலாம். பெண்களுக்குச் சேலை, சல்வார், அபாயா எல்லாம் சரி. ஆனால் ஒரு சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வெயிலில் வெந்த உடம்புக்கு அந்த ஏசி ஆகாது. அம்மா அரைவாசிச் சாப்பாட்டில் நடுங்கத் தொடங்கி, அப்பாவின் தோளிலிருந்த சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

ஹலாலா?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை நண்பர்கள் எல்லோரும் கேட்பது. பல ஹோட்டல்களில் கோழி, மாட்டிறைச்சி ஹலாலாக வாங்குவார்கள், ஆனால் அதே சமையலறையில் பன்றியும் இருக்கும், பக்கத்தில் மதுவும் இருக்கும். அதனால் ஹலாலா என்று மட்டும் கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இறைச்சி மட்டுமா, முழுச் சமையலறையுமா? பன்றிக்குச் சட்டியும் கத்தியும் வேறா? சோஸில் வைன் சேர்க்கிறார்களா? ஜப்பான் சமையலில் மிரின் என்று ஓர் அரிசி மது சேரும். இனிப்பில் ஜெலட்டின் இருக்கும், அது எதிலிருந்து எடுத்தது என்றும் கேட்கலாம். மேசை எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. கடல் உணவை நெய்யிலோ எண்ணெயிலோ பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அவர்கள் சொல்கிற சைவம் வேறு, நம் வீட்டுச் சைவம் வேறு. சம்பலிலும் பருப்பிலும் மாசிக் கருவாடு விழுந்திருக்கும். சீனச் சமையலில் கீரைக்கும் சிப்பிச் சோஸ் ஊற்றுவார்கள், தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு, ஜப்பான் சூப்பில் மீன் அவித்த தண்ணீர். முட்டையை அவர்கள் மச்சக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிற நேரத்தில் சனிக்கிழமைக்கு மேசையை மாற்றிவிடலாம். கந்த சஷ்டி, கௌரி விரத நாட்களைக் கலண்டரில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். போயாவையும் பாருங்கள், அன்றைக்கு மது விற்கமாட்டார்கள். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் போயா இரவில் மேசை லேசாகக் கிடைக்கும்.

வாசலில் பையைத் திறக்கச் சொல்கிறார்களாம், உண்மையா?

பல ஹோட்டல்களில் பையைப் பார்ப்பார்கள், வாகனத்தின் அடியிலும் பார்ப்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றிலும் குண்டு வெடித்தது. அதே காலையில்தான் நம் சீயோன் தேவாலயத்திலும். அந்தச் சோதனை ஏன் என்று மட்டக்களப்பாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போங்கள்.

நம்ம வாவியில் பிடிக்கிற நண்டுதானே, அதற்கு ஏன் அந்த விலை?

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்தது இது. அப்பாவும் மெனுவைப் பார்த்தவுடன் இதையேதான் கேட்டார், கொஞ்சம் உரத்து.

தட்டில் வருகிற நண்டு மன்னாரா, புத்தளமா, நம் வாவியா என்று எழுதியிருக்காது. ஆனால் இனம் அதேதான், சேற்று நண்டு. சிங்கப்பூரில் மிளகாய் நண்டு என்று பேர்போன சாப்பாட்டுக்கும் இலங்கை நண்டைத்தான் தேடி வாங்குகிறார்கள். நம் சந்தையில் நமக்குக் கிடைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கொடுக்கு விழுந்தது, சின்னது, ஓடு இளகினது. இரண்டு கொடுக்கும் முழுசாய் உள்ள பெரிய நண்டை வியாபாரி தோணியடியிலேயே தனியாக எடுத்து, கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு அனுப்பிவிடுவார். கட்டாவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொடுக்கை முறித்துக்கொள்ளும். வழியில் செத்தால் அதற்கு விலை இல்லை, செத்த நண்டின் சதை சீக்கிரம் கெட்டுவிடும். உயிரோடு போய்ச் சேருகிற பெரிய நண்டுக்குத்தான் காசு. மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்பில் அரைக் கிலோவிலிருந்துதான் தொடங்கும். இரண்டு கிலோ நண்டுக்குக் க்ராப்ஸில்லா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோ நண்டை நம் வீட்டுச் சட்டியில் கடைசியாக எப்போது கண்டோம்?

சரி, விலை கொடுப்பது என்று முடிவெடுத்தால் நண்டைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான நல்ல இடங்களில் சமைக்க முன் கொண்டுவந்து காட்டுவார்கள், கேட்டால் நிறுத்தும் காட்டுவார்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? தாம்பாளத்தில் கொண்டுவந்த நண்டைப் புரட்டி, வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. அமத்தினால் ஓடு அமுங்கும் நண்டு அண்மையில் கோது கழற்றினது. புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான், சதை பிறகுதான் நிரம்பும். அப்பா தலையை ஆட்டி, "இது தண்ணி நண்டு தம்பி, வேறொண்டு கொண்டாங்க" என்றார். அந்தப் பெடியன் சிரித்துக்கொண்டே, "ஐயா மட்டக்களப்பா?" என்றான். அவன் வாழைச்சேனை. இரண்டாவதாகக் கொண்டுவந்த நண்டு கல்லுப் போல இருந்தது.

நிலவு நண்டு பற்றியும் கேட்கிறார்கள். பறுவ நாட்களில் நண்டில் சதை இருக்காது என்று நம் மீனவர்கள் சொல்வது. கொழும்புக்காரரிடம் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் பறுவத்தன்று நண்டு கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சுவை எப்படி என்று கேட்டால், மிளகு போட்டது நன்றாக இருந்தது, பூண்டும் மிளகாயும் போட்டது இன்னும் நன்றாக இருந்தது. கறி என்று பெயர் போட்டதை மட்டும் எடுக்காதீர்கள். முருங்கையிலையும் வறுத்த தூளும் போட்டு வீட்டில் வைக்கிற நண்டுக் குழம்பை நாக்கு மறக்காது, அந்தத் தட்டு பாவம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்: "மறுகா என்ன, தேங்காய்ப்பால் கூடிப்போச்சு."

கையால் சாப்பிடலாமா?

நண்டைக் கரண்டியால் சாப்பிடுகிறவனை நான் இன்னும் காணவில்லை. கழுத்தில் கட்ட ஒரு துணியும் கொடுக்கு உடைக்க ஒரு குறடும் தருவார்கள். துணியைக் கட்டுங்கள். குறடு இல்லாமலே அப்பா உடைத்ததைப் பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

மேசை எடுத்திருந்தும் இல்லை என்றால்?

எனக்கு நடந்திருக்கிறது, வேறொரு ஹோட்டலில். எட்டரைக்குப் போய் நின்றால் பட்டியலில் என் பெயரே இல்லை. என் பெயரை அவர்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் என் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. உறுதிப்படுத்தி வந்த செய்தி போனில் இருந்ததால் காட்டினேன், நாற்பது நிமிடம் நிற்கவைத்துச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டார்கள். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் முழங்கையில் ஒரு இடி. அதற்குப் பிறகு என் பெயரின் முதல் நாலு எழுத்தை மட்டும் கொடுக்கிறேன். போகிற அன்று மத்தியானம் ஒரு தரம் போன் எடுத்து உறுதிப்படுத்துகிறேன், ஜன்னல் ஓரம் கேட்பதும் அப்போதுதான். பதினைந்து நிமிடம் பிந்தினால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுக்கிற இடங்களும் உண்டு. கொழும்பு நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வருவதற்குள் அந்தப் பதினைந்து நிமிடம் பம்பலப்பிட்டியிலேயே முடிந்துவிடும்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

பகல் சாப்பாடு என்றால் முடியும். இரவு பஸ் பிடித்தால் விடியப் புறக்கோட்டை. சொந்தக்காரர் வீட்டில் குளித்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, பன்னிரண்டரைக்கு மேசை, அன்றிரவு மறுபடி பஸ். வயதானவர்களை இப்படி அலைக்கழிக்க வேண்டாம். ரயிலில் உதயதேவியில் பகல் முழுக்க ஆடிக்கொண்டு வந்து அன்றிரவே மேசைக்குப் போவதும் உதவாது, சூப் வருவதற்குள் தூங்கி விழுவீர்கள். அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு ரயிலே இல்லை, மட்டக்களப்புக்கு வந்து ஏற வேண்டும் அல்லது பஸ்தான். ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொண்டால் செலவு கூடும், ஆனால் சாப்பாடு சாப்பாடாக இருக்கும்.

மிச்சத்தைக் கட்டித் தருவார்களா?

பஃபே என்றால் இல்லை. மெனுவில் பார்த்து எடுத்தது என்றால் கேட்டவுடனே அழகான பெட்டியில் போட்டுத் தருவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நண்டைக் கட்டாதீர்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அம்மா இரண்டு கொடுக்கைக் கட்டுவித்து, பேரப்பிள்ளைக்கு என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். குளிர் பஸ், கண்ணாடி திறக்க முடியாது. குருநாகல் தாண்டும்போது பூண்டு வாசம் மூன்று வரிசைக்குப் பரவிவிட்டது. ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டியபோது பின்வரிசை ஐயா ஒருவர் எழும்பி வந்து, "பிள்ள, அது என்ன கறி?" என்று கேட்டார். அம்மா பெட்டியைத் திறந்து ஒரு கொடுக்கை அவருக்குக் கொடுத்துவிட்டார்.